முதல் வருடத் தாளில் இருந்த பையன்

நெல் அவிக்கும் வாசனை. இன்று காலை பேருந்து கரந்தையில் நின்றபோது ஜன்னல் வழியே ஏறி, டிக்கெட் வாங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஈரமும் உமியும் கலந்த, கொஞ்சம் புளித்த, கொஞ்சம் இனித்த ஆவி. மற்றவர்களுக்கு அது ரைஸ் மில். எனக்கு அது ஒரு கல்லூரி அரங்கம். எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மில் இருந்ததால், ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகள் குனிந்து அந்தத் தாளை நிரப்பியது இந்த வாசனைக்குள்தான்.

நீங்கள் இருவரும் மாணவர் ஆலோசகர்களாக அந்த அறைக்குள் போகிறீர்கள். நான் விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்து ஓராண்டு ஆகிறது. பதிவேடு எப்படி வைப்பது, யாரை எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதெல்லாம் அலமாரியில் இருக்கும் கையேட்டில் உண்டு. அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. கையேட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. அது என் தவறு. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தாளில் அறுபது கேள்விகள். ‘கூட்டத்தில் இருக்கும்போது உங்களுக்கு உற்சாகம் கூடுமா, குறையுமா?’ ‘முடிவெடுக்கும்போது மனத்தைக் கேட்பீர்களா, காரணத்தைக் கேட்பீர்களா?’ இப்படி. பதில்களைக் கூட்டினால் நான்கு எழுத்துகள் வரும். நான்கு எழுத்துக்குள் ஒரு பிள்ளை. அதில் முதல் எழுத்தைப் பார்த்து, கோப்பின் மூலையில் ஒரு வண்ணத் தாள் ஒட்டுவோம். கூட்டத்தை நாடுகிறவர்களுக்கு மஞ்சள், தனிமையை நாடுகிறவர்களுக்கு நீலம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். பெருமையோடுதான் கொண்டுவந்தேன். விழாவுக்குத் தொகுப்பாளர் வேண்டுமா, துறைத்தலைவர்கள் மஞ்சளைத் தேடுவார்கள். பொறுமையாக உட்கார்ந்து ஆய்வறிக்கை திருத்த ஆள் வேண்டுமா, நீலம். நான்கு ஆண்டுகளும் அந்தத் தாள் கோப்பை விட்டு உரியாது. நல்ல பசை.

நவநீதன் அந்தக் கேள்வித் தாளை நிரப்பும்போதே கையைத் தூக்கினான்.

“மேடம், கூட்டம்னா எந்தக் கூட்டம்? கல்யாணக் கூட்டமா, பஸ் கூட்டமா? கல்யாணம்னா உற்சாகம் கூடும். பஸ்னா செருப்பு போயிடும்.”

அரங்கமே சிரித்தது. ஒட்டுவதற்கு முன்பே எனக்கு நிறம் தெரிந்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பையன், வீட்டில் தேங்காய் மண்டி. ஒரே மாதத்தில் கல்லூரியின் தொண்டையாகிவிட்டான். விடுதிக் காப்பாளர் இருமுவதுபோல் இருமுவான். பேராசிரியர்கள் வருகைப் பதிவு எடுப்பதுபோல் எடுப்பான். அவன் இல்லாமல் மேடை கிடையாது. மஞ்சளிலேயே நல்ல மஞ்சள்.

மூன்றாம் ஆண்டில் அவன் நின்றுபோனான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆண்டு விழாவுக்கு மைக் வேண்டாம் என்றான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினான். வகுப்பில் கடைசிப் பெஞ்சின் சுவரோரம். மாலையில் தனியாக வாய்க்கால் பக்கம் போய்விடுவான். விடுதிக் காப்பாளர் என் அறைக்கே வந்தார்.

“மேடம், நம்ம நவநீதன் ரேடியோ மாதிரி இருந்த பய. சுவிட்சை அமுக்கின மாதிரி ஆயிட்டான். மூணு மாசமாச்சு. என்னை மாதிரி இருமிக் காட்டுறதுகூட இல்ல. எனக்கே என்னவோபோல இருக்கு.”

நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாணவி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தாள். அவள் கோப்பில் நீலம். இயல்பே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு விடியலில் ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டாள், படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வண்டியின் சத்தம் எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. இன்னொரு முறை தவறவிடக் கூடாது என்று, நடக்கும்போதும் குளிக்கும்போதும், எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

நவநீதனைக் கூப்பிட்டு அதே தாளை மறுபடி கொடுத்தேன். பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டான். கேள்வி கேட்கவில்லை, கேலி செய்யவில்லை. கூட்டிப் பார்த்தேன். முதல் எழுத்தே எதிர்த்திசைக்குப் போயிருந்தது. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வேறு ஆட்கள்.

“ஏதாவது பிரச்சினையாப்பா?”

“இல்ல மேடம்.”

“வீட்டுல?”

“இல்ல மேடம்.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவன் பதில்கள் குட்டையாக இருந்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ‘ஆளுமையில் கடுமையான மாற்றம். பெற்றோர் உடனடியாகக் கவனிக்க வேண்டும்’ என்று அறிக்கை எழுதி, முதல்வருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அவன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் லாரி உறுமியது, யாரோ யாரையோ அதட்டினார்கள்.

“உங்க பையன் பழைய பையனா இல்லைங்க” என்றேன்.

அதட்டல் நின்றது. லாரி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“வர்றேன்” என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நின்றார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வராந்தாவில் அவர் வணக்கம் சொன்னது பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்டிருக்கும்.

“லோடு ஏத்துறதைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன் மேடம். டி.சி. வாங்கிட்டுத்தான் போவேன். பய நம்ம கண்ணு முன்னால இருக்கட்டும்.”

“இந்த செமஸ்டரையும் சேர்த்து இன்னும் மூணுதான் இருக்குங்க.”

“ஆளு இருந்தாத்தானேங்க படிப்பு?” என்றவர், நாற்காலியில் உட்காராமலே சொன்னார். “எனக்கு ஒரு தம்பி மேடம். இவனை மாதிரியே வாயடிப்பான். இருபது வயசுல பேச்சைக் குறைச்சான். வயசுக் கோளாறு, சரியாயிடும்னு விட்டுட்டோம். ஒருநாள் சைக்கிளை பஸ் ஸ்டாண்டுல நிறுத்திட்டுப் போனவன்தான். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்துச்சு. நீங்களே சொல்றீங்க, பழைய பையனா இல்லைன்னு. அப்புறம் நான் என்ன யோசிக்கணும்?”

முதல்வர் இரண்டையும் பார்த்தார்: அப்பாவின் விண்ணப்பம், என் அறிக்கை. “பெற்றோரே கேட்கிறார், ஆலோசகரும் எழுதியிருக்கிறார். இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம்” என்றார். ஆக, எனக்கு நான்கு மணி நேரம் இருந்தது. நான் எழுதிய இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனின் படிப்பு நிற்கப்போகிறது. ஒருவேளை நிற்பதுதான் சரியோ? அதுவும் தெரியவில்லை. அவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டு தாள்கள் தெரியும்.

கால்கள் எங்கே போகின்றன என்று தெரியாமல் நடந்து விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் நின்றேன். அங்கே பரிமாறுகிற அக்கா குத்தாலத்துக்காரர். மத்தியானச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“நவநீதன் ஒழுங்கா சாப்பிடுறானா அக்கா?”

“அந்தத் தம்பியா? அதுக்கென்ன கேடு? காலையில பொங்கல் ரெண்டு வாட்டி வாங்குச்சு. முட்டை போடுற அன்னைக்கு நான் கரண்டி எடுக்கும் முன்னாடி தட்டோட நிக்கும்.”

“பேசுறானா?”

“முன்ன மாதிரி வம்பு வளக்கறதில்ல.” கரண்டியை நிறுத்தினார். “ஆனா பாருங்க, போன மாசம் கொதிதண்ணி பட்டுக் கையில கட்டுப் போட்டிருந்தேன். இத்தனை பிள்ளைங்கள்ல அதுதான், ‘கை என்னாச்சுக்கா’ன்னு கேட்டுச்சு. ரெண்டு வருசமா என்னைச் சிரிக்க வச்ச பய, இந்த வருசந்தான் என்னைப் பாத்துச்சு.”

அறைத்தோழனைப் பிடித்தேன். “தூங்குறானா?” என்றேன். “குறட்டை மேடம். அதுதான் எங்க பிரச்சினையே” என்றான். மனம் கொஞ்சம் இறங்கியது. உடனே அந்த மாணவியும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது ஞாபகம் வந்து, மறுபடி ஏறியது. பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் அவன் மட்டும்தான் இருந்தான்.

அப்பா வந்திருப்பது தெரிந்து வகுப்பிலிருந்து எழுந்து போயிருந்தான். எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தை கடைசி. சம்பா அறுவடை பாதி முடிந்த வயல்கள். மீதியில் அறுவடை இயந்திரம் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பித் திரும்பி வந்தது. வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு கிடந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். நானும் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இங்க வந்து என்னப்பா பண்ணுவே?”

“சும்மா உக்காந்திருப்பேன் மேடம். கவிதை எழுதறேன், தியானம் பண்றேன்னுல்லாம் நினைச்சுடாதீங்க. சும்மாதான்.”

இனிச் சுற்றிவளைக்க நேரமில்லை. அந்த மாணவியிடம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். உயிரோடு இருக்கப் பிடிக்காமல் போயிருக்கிறதா, அப்படி ஒரு எண்ணம் எப்போதாவது வந்ததா என்று, நேராக, அவன் முகத்தைப் பார்த்து. கேட்பதற்குப் பயப்படாதீர்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று நான் பல வருடம் பயந்திருக்கிறேன். அந்தப் பயம் என்னைக் காப்பாற்றியதே தவிர, பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

அவன் என் கண்ணைப் பார்த்தான். “இல்ல மேடம். அப்படி எதுவும் இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “கேட்டதுக்குக் கோபமில்ல. ஆனா எங்கப்பாவுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி இதை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?” என்றான்.

கேட்டிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம்தான் நான் உங்களுக்கு விட்டுப்போகும் கையேடு.

“அப்ப ஏன்ப்பா இப்படி மாறிட்ட?”

“எங்க வீட்ல மெதுவாப் பேசுனா ரெண்டாவது தோசை வராது மேடம். அப்படி வளந்தாச்சு. இங்க வந்தப்ப எல்லாரும் புது ஆளுங்க. வாயை மூடுனா என்னை யாருக்கும் தெரியாமப் போயிடுமோன்னு பயம். அந்தத் தாள்ல நான் நிரப்புனது என்னை இல்ல, எங்க வீட்டை. அப்புறம் போன வருஷம் காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்திருந்தேன், குரல் கட்டிப்போச்சு. ஒரு வார்த்தை பேச முடியல. அப்பவும் பசங்க வந்து கட்டில்ல உக்காந்திருந்தானுங்க. பேசலேன்னாலும் வர்றானுங்களேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.”

அறுவடை இயந்திரம் திரும்பி வந்து, மறுபடி போனது.

நாம் பார்க்கிற பிள்ளைகள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரையில் இருப்பவர்கள். பிறந்த வீட்டின் சத்தத்திலிருந்து முதன்முதலாக வெளியே வருகிறார்கள். சிலர் கூச்சத்தை விடுதிக் கொடியில் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுகிறார்கள். சிலர் ஆரவாரத்தை. எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்த்தவள் கொஞ்சம் விட்டுப்பிடிக்கிறாள், மனம்போல் நடந்தவன் நாட்குறிப்பு வைத்துக்கொள்கிறான். மாறாமலே போகிறவர்களும் உண்டு. நாற்றங்காலில் இருக்கும் பயிரைப் பார்த்து அளவெடுத்துவிட்டு, நடவுக்குப் பிறகு ஏன் வளர்ந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் நான். ஆனால் ஒன்று. மாற்றமெல்லாம் வளர்ச்சி என்றும் நம்பிவிடாதீர்கள். ஆபத்தும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தாளில் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஓரளவு தெரியும். ஓரளவுதான்.

திரும்பி நடக்கும்போது இரண்டாவது தவறைச் செய்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“அப்பா முன்னால கொஞ்ச நேரம் பழைய மாதிரி பேசிடேன் நவநீதா. அந்த இருமல், ஏதாவது ஒரு ஜோக். அவர் நிம்மதியாப் போயிடுவார்.”

நின்றுவிட்டான். “பேசலாம் மேடம். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அப்புறம் லீவுக்குப் போனா வீட்டுல பேசணும். மண்டியில பேசணும். கல்யாணத்துல பேசணும். அந்த அஞ்சு நிமிஷம் சாகுற வரைக்கும் ஓடும்.”

மன்னிப்புக் கேட்டேன். அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

முதல்வர் அறை. அப்பா அங்கேயே காத்திருந்தார்; நவநீதன் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். என் முதல் அறிக்கை அவசரத்தில் எழுதியது, மாற்றத்தை நோய் என்று எழுதிவிட்டேன் என்றேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். “நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால், கையெழுத்து யாருடையது?”

“என்னுடையது” என்றேன். அங்கேயே இரண்டாவது அறிக்கை எழுதினேன். இன்று நேரில் பேசினேன்; ஆபத்தின் அறிகுறி தென்படவில்லை; வாரம் ஒருமுறை சந்திப்பேன். எழுத எழுத அந்த மாணவியின் முகம் வந்துகொண்டேயிருந்தது. உறுதி என்று ஒன்று எனக்கு இருக்கவில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் இருக்காது. இல்லாமலே கையெழுத்துப் போடும் நாள் வரும்.

அப்பா காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

“ஒரு பேப்பர்ல சரியில்லைங்கறீங்க, இன்னொரு பேப்பர்ல சரிங்கறீங்க. நான் எதை மேடம் நம்புறது?” அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. மகன் பக்கம் திரும்பினார். “டேய், நீ பேசு. அந்த வார்டன் மாதிரி இருமுவியே, ஒரு தடவை இருமிக் காட்டு. இப்பவே நான் வண்டி ஏறிடுறேன்.”

நான் வாய்க்கால் கரையில் கேட்டதையேதான் அவரும் கேட்டார். எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது.

நவநீதன் இருமவில்லை. மெல்ல ஏதோ சொன்னான்.

“என்னடா? சத்தமாச் சொல்லு.”

அவன் குரலை உயர்த்தவில்லை. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். இன்னும் கேட்கவில்லை. மறுபடி இழுத்தார். இருவர் முழங்கால்களும் இடிக்கிற தூரம் வந்த பிறகு அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“சித்தப்பா போனதுலேர்ந்து நம்ம வீட்ல யாராவது பேசாம இருந்தா உனக்குப் பயம்ப்பா. அதான் எல்லாரும் கத்திக்கிட்டே இருக்கோம். அம்மா கத்துது, நான் கத்துனேன், நீயும் கத்துற. எனக்கு இப்ப வேணாம்ப்பா. நான் எங்கேயும் போகல. பேசலேன்னாலும் இருப்பேன்.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்த குரல் இவ்வளவு பெரிய உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, அவ்வளவு தாழ்ந்திருந்தது.

“அந்த வாய்க்காப் பக்கம் போய் என்னடா பண்ற?”

“உக்காந்திருப்பேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

விண்ணப்பத்தை முதல்வர் மேசையிலிருந்து எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, கோப்புகளிலிருந்து வண்ணத் தாள்களை ஒவ்வொன்றாக நனைத்து உரித்தேன். பல கோப்புகளில் மூலையும் சேர்ந்து கிழிந்தது. அறைக்குள் போனதும் பார்ப்பீர்கள். எலி கடித்ததென்று நினைத்துவிட வேண்டாம். கேள்வித் தாளை இன்றும் கொடுக்கலாம், முதல் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும். இரண்டையும் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, நடுவில் என்ன நடந்தது என்று கேட்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் கடைசி வரை கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது அவர் கிளம்பும்போது. மகன் கார் வரை நடந்தான். நானும் இரண்டடி பின்னால் போனேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஏறி, கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பி, மறுபடி நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

“தினம் ஆறு மணிக்கு போன் அடிப்பேன். நீ ஒண்ணும் பேச வேணாம். எடுத்துக் காதுல வச்சுக்க, போதும். நானே பேசிக்கிறேன்.”